மூன்று மாதக் குறை

அறுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு பங்குனி மாதம், கொழும்பில் வேலை செய்த என் பல்கலைக்கழக நண்பன் ஒருவன் தபாலில் ஒரு சின்னப் புத்தகம் அனுப்பியிருந்தான். அப்போது நான் முல்லைத்தீவில் மீனவர் சங்கம் ஒன்றின் மனேச்சர். மனேச்சர் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். கரையோரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கட்டடம். அதற்குள்ளே மீன் நிறுக்கிற தராசு, ஐஸ் பெட்டிகள். ஒரு மூலையைப் பலகையால் மறைத்து எனக்கொரு கந்தோர் அறை. மேசையில் எதை வைத்தாலும் பின்னேரத்துக்குள் அதில் மீன் மணம் ஏறிவிடும். எனக்குக் கீழே பதினாலு பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் கருவாடு போடுகிற பெண்கள்.

நண்பன் அனுப்பியது அமெரிக்காவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கைநூல். மனேஜ்மென்ற் என்ற பாடத்தில் இரண்டு வருட முதுமாணிப் படிப்பு. ஆசிய நாடுகளில் கூட்டுறவுச் சங்கங்களில் வேலை செய்கிறவர்களுக்குப் புலமைப்பரிசில் உண்டு என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நண்பன் பென்சிலால், "உன்னைத்தான் தேடுகிறார்கள்" என்று எழுதியிருந்தான்.

வீட்டில் அதைப் பற்றிக் கதைத்தபோது அப்புதான் முதலில் கேட்டார். அப்பு, என் தகப்பன், வாழ்நாள் முழுக்கப் பிறருடைய கரைவலையைக் கடற்கரையில் நின்று இழுத்தவர்.

"அது என்ன படிப்பு தம்பி?"

"ஒரு வேலைத்தலத்தை எப்பிடி நடத்திறது எண்ட படிப்பு அப்பு. மனேச்சர்மார் படிக்கிறது."

"நீ இப்ப மனேச்சர்தானே. பிறகென்னத்துக்கு அதுக்குப் படிக்கோணும்?"

நான் படித்தது பொருளியல். சங்கத்தில் ஒரு நாள் நடப்பதற்கும் நான் படித்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை. காலையில் கந்தோருக்குள் நுழைகிறபோதெல்லாம் ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் எங்கோ பிழையாகிக்கொண்டிருக்கிறது என்ற பயம் இருக்கும். அந்தப் பயத்துக்கு எங்கேயோ ஒரு பாடம் இருக்கிறது, அதைப் படித்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். அதை அப்புவிடம் எப்படிச் சொல்வது?

கைநூலின் நாலாம் பக்கத்தில் தகைமைகள். ஒரு பட்டம், அதுவும் இரண்டாம் வகுப்புக்குக் குறையாமல்; அது என்னிடம் இருந்தது, கீழ்ப்பிரிவில் மயிரிழையில். பட்டத்துக்குக் கணிதம் ஒரு பாடமாகப் படிக்காதவர்கள் கணிதத்தில் ஒரு சோதனை எழுத வேண்டும். இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், ஒன்று படிப்பித்த பேராசிரியரிடமிருந்து, மற்றது வேலைத்தலத்தில் நேரடி மேலதிகாரியிடமிருந்து. எந்தச் சிறப்புத் துறையைத் தெரிவு செய்கிறாய், ஏன் என்று இரண்டு பக்கக் கட்டுரை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி: பத்துப் பேருக்குக் குறையாதவர்களை மேற்பார்வை செய்த பொறுப்பான பதவியில், முடிவுத் திகதியன்று இரண்டு வருடம் பூர்த்தியாகியிருக்க வேண்டும்.

முடிவுத் திகதி ஆடி மாதக் கடைசி. நான் சங்கத்தில் சேர்ந்தது அதற்கு முந்திய வருடத்துக்கும் முந்திய வருடம் தை மாதம், ஆனால் கணக்கெழுதும் கிளாக்காக. பழைய மனேச்சர் விலகிப் போனதும் ஐப்பசி முடியும் தறுவாயில்தான் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை என் கையில் தந்தார்கள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பிறகு நாட்காட்டியை வைத்து எண்ணினேன். எப்படி எண்ணினாலும் மூன்று மாதம் குறைந்தது.

சிறப்புத் துறைகள் நான்கு: நிதி, உற்பத்தி, சந்தைப்படுத்தல், ஆளணி. இவற்றில் எதை எடுப்பது என்று நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. சைக்கிளில் போகும்போது நான் நிதித்துறைக்காரன். கந்தோரில் இருக்கும்போது உற்பத்தி. பின்னேரம் கடற்கரையில் நிற்கும்போது சந்தைப்படுத்தல். ஆளணி என்றால் ஆட்களைச் சேர்ப்பது, வேலை பிரிப்பது, அவர்களுடைய குறைகளைக் கேட்பது என்று கைநூல் சொன்னது. அதற்கு ஒரு முதுமாணிப் பட்டம் எதற்கு என்று அதை மட்டும் தொடவேயில்லை. ஒன்றைத் தெரிவு செய்தால் மற்ற மூன்று கதவுகளும் ஆயுளுக்கும் மூடிவிடும் என்று நம்பினேன். கடைசியில் சந்தைப்படுத்தல் என்று எழுதினேன். முல்லைத்தீவுப் பாரை மீனை ஐஸில் வைத்துக் கொழும்புச் சந்தைக்குக் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றி இரண்டு பக்கம். மிகவும் நன்றாக எழுதியிருந்தேன் என்றுதான் அப்போது எண்ணம்.

விண்ணப்பப் படிவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினேன். மனைவி பக்கத்துக் கதிரையில் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தா. அவா உள்ளூர்ப் பாடசாலையில் ஆசிரியை. அப்போது எங்கள் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. படிவத்தில் ஒரு பெட்டி: தற்போதைய பதவியை ஏற்ற திகதி. அதில் நான் தை மாதத்தை எழுதினேன்.

அவா எட்டிப் பார்த்தா.

"தையிலயோ நீங்கள் மனேச்சர் ஆனது?"

"தையிலதான் சங்கத்தில சேந்தனான்."

"அவங்கள் கேட்டிருக்கிறது அதில்லையே."

"எல்லாம் ஒரே சங்கம்தானே. கிளாக்கா இருக்கேக்கயும் மனேச்சற்ர வேலையை நான்தானே செய்தனான்."

"அப்ப அதை எழுதுங்கோவன். கிளாக்கா இருந்து செய்தனான் எண்டு."

அதை எழுதினால் படிவம் குப்பைக்கூடைக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அடுத்த பெட்டியை நிரப்பினேன். அவா அடுத்த கொப்பியை எடுத்தா. அதன் பிறகு அந்தக் கதையை அவா எடுக்கவேயில்லை. எடுத்துச் சண்டை பிடித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

என் நேரடி மேலதிகாரி சங்கத் தலைவர். அவரே ஒரு கரைவலைக்கும் இரண்டு வள்ளங்களுக்கும் சொந்தக்காரர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். ஊரில் எல்லாரும் அவரைச் சம்மாட்டியார் என்றுதான் சொல்லுவார்கள். இளமையில் யாழ்ப்பாணத்தில் பாதிரிமாரிடம் படித்ததால் ஆங்கிலம் நன்றாக எழுதுவார். என்னைக் கிளாக்காக எடுத்தவரும், பிறகு மனேச்சராக்கியவரும் அவர்தான். வைகாசியில் ஒரு நாள் விறாந்தையில் அவர் வலைக்கயிறு பார்த்துக்கொண்டிருந்தபோது போய் விஷயத்தைச் சொன்னேன். மூன்று மாதக் குறையையும் சொன்னேன்.

"மூண்டு மாசம்தானே தம்பி. அதை ஆர் பாக்கப் போறாங்கள்? ரண்டு வருஷத்துக்கு மேல எண்டு எழுதிறன்."

"பிரச்சினை வராதோ?"

"என்ன பிரச்சினை? எங்கட பெடியன் ஒருத்தன் அமெரிக்காவுக்குப் போறதெண்டா நான் ஒரு வரி கூட்டி எழுத மாட்டனோ?"

வீடு திரும்பும் வழியில் எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. இனிப் பொய் என்னுடையது மட்டும் இல்லை.

ஆனி மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் விடிய, இரண்டு வலைகளில் பாரை மீன் அள்ளுப்பட்டது. அப்படி ஒரு மீன்பாடு அந்த வருடம் அதுவரை வரவில்லை. சங்கத்துக் கட்டடத்தின் சீமெந்துத் தரையில் கால் வைக்க இடமில்லை. இருந்த ஐஸ் கால்வாசி மீனுக்கும் போதாது. ஆனால் பரந்தன் வழியாக வருகிற ஐஸ் லொறி பத்து மணிக்குள் வந்துவிடும். வந்ததும் ஐஸை இறக்கி, மீனை அடுக்கி, அதே லொறியில் கொழும்புக்கு ஏற்ற வேண்டும். என் கட்டுரையில் நான் எழுதியிருந்தது அதைத்தான்.

ஒன்பது மணியளவில், கருவாடு போடும் பெண்களுக்குத் தலைவி போல இருந்த அக்கா என் கந்தோர் வாசலுக்கு வந்தா. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவ. பத்து வயதிலிருந்து மீன் வெட்டுகிறவ.

"மனேச்சர் தம்பி, லொறியை இன்னும் காணேல்லை. அரைவாசியை எங்களிட்டத் தாங்கோ. இப்பவே வெட்டி உப்புப் போட்டிடுவம்."

"இது கொழும்புக்குப் போற மீன் அக்கா. கருவாடாக்கினா விலை போகாது. லொறி வந்திடும்."

"வெயில் ஏறுது தம்பி."

"வந்திடும் எண்டு சொல்லுறன்."

பத்து மணியாயிற்று. பதினொன்றாயிற்று. நான் தபாற்கந்தோருக்குச் சைக்கிளில் ஓடிப் பரந்தனுக்குத் தொலைபேசி எடுக்கப் பார்த்தேன். இணைப்புக் கிடைக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. லொறி காலையிலேயே போய்விட்டது என்றார்கள். திரும்பி வந்தபோது அக்காவும் மற்றப் பெண்களும் கத்திகளைத் தீட்டி வைத்துக்கொண்டு நிழலில் இருந்தார்கள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கொடுத்தால் நான் சொன்னது பிழை என்று ஆகிவிடும். இன்னும் அரை மணித்தியாலம் பார்ப்போம் என்று நினைத்தேன். அந்த அரை மணித்தியாலத்தை மூன்று தரம் நினைத்தேன்.

இரண்டு மணிக்கு லொறியின் கிளீனர் பஸ்ஸில் வந்து இறங்கினான். விசுவமடுவுக்கு இந்தப் பக்கம் காட்டுக்குள் அச்சு முறிந்து லொறி நிற்கிறதாம். ஐஸ் எல்லாம் தண்ணீராக ஓடுகிறதாம்.

அதற்குள் மீனின் கண் சிவந்துவிட்டது. வயிற்றை விரலால் அழுத்தினால் பள்ளம் எழும்பி வரவில்லை. பெண்கள் எழுந்து வந்து, உப்புக்காவது தாங்குவதைப் பொறுக்கி எடுத்தார்கள். கொஞ்சம்தான் தேறியது. மிச்சத்தைக் கடற்கரை மணலில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். வலை இழுத்தவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அவர்களில் என் அப்புவும் ஒருவர்.

கைகளைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னா: "நாங்கள் சொன்னது உங்களுக்குக் கேக்கேல்லை தம்பி." கோபமாகச் சொல்லவில்லை. அன்று பின்னேரம் அப்பு என்னோடு கதைக்காமல் சாப்பிட்டார்.

அதன் பிறகு சம்மாட்டியாரின் கடிதத்தை நினைத்து எனக்குக் கவலை பிடித்தது. மீன் விஷயமாக அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. ஆடி மாதம் பிறந்து ஒரு கிழமை, இரண்டு கிழமை போயிற்று. கடிதம் வரவில்லை. கேட்கவும் முகமில்லை. முடிவுத் திகதிக்கு நாலு நாள் இருக்கும்போது தானே கந்தோருக்கு வந்து, ஒட்டிய உறை ஒன்றை மேசையில் வைத்தார். ஒட்டிய இடத்துக்கு மேலே தன் கையொப்பத்தைப் போட்டிருந்தார். எழுதியவரே ஒட்டிக் கையொப்பமிட வேண்டும், விண்ணப்பகாரர் திறக்கக் கூடாது என்று படிவத்தில் இருந்தது.

"எழுதிப்போட்டன்" என்றார். உடனே போய்விட்டார்.

உள்ளூரில் போட்டால் நேரத்துக்குப் போகுமோ என்ற பயத்தில், பேராசிரியரின் கடிதம், கட்டுரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கே பஸ் ஏறினேன். அங்கே பதிவுத் தபாலில் போட்டால், விண்ணப்பங்களைச் சேர்க்கிற கொழும்புக் கந்தோருக்கு அன்றே றெயிலில் ஏறிவிடும். ஒட்டுசுட்டான் தாண்டி நெடுங்கேணிச் சந்தியில் பஸ் அரை மணித்தியாலம் நின்றது. முன்னால் ஒரு ட்ரக்டர் பெட்டி கழன்று றோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அநேகமாக எல்லாரும் இறங்கிப் பிளேன்ரீ குடிக்கப் போனார்கள். நான் இறங்கவில்லை. அந்த உறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடிதம் மூன்றாக மடிக்கப்பட்டிருந்ததால் வரிக்கு மேல் வரி ஏறி ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறாரா? மீனை எழுதியிருக்கிறாரா? இரண்டையும் எழுதியிருக்கிறாரா? உறையின் ஓரம் ஒரு இடத்தில் சரியாக ஒட்டாமல் இருந்தது. விரல் நகத்தை அதில் வைத்தேன். பின் ஆசனத்தில் இருந்த ஒரு பெண், தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. உறையை மடியிலிருந்த கடதாசிக் கோவைக்குள் வைத்துவிட்டேன். அந்தப் பெண் இல்லாவிட்டால் திறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

நேர்முகத்துக்கு ஐப்பசியில் அழைப்பு வந்தது. கணிதச் சோதனையும் அன்றே. மனைவியின் பாடசாலைக் கணித நூல்களை வைத்து மூன்று மாதம் படித்திருந்தேன். காலையில் அதை ஒரு மாதிரி எழுதி முடித்தேன். பின்னேரம் கொழும்பில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ஒருவர் அமெரிக்கப் பேராசிரியர். ஒருவர் சிங்கள அதிகாரி. மூன்றாமவர் கண்ணாடி போட்ட ஒரு தமிழ் உத்தியோகத்தர், வடக்கைச் சேர்ந்தவர். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்.

முதலில் சந்தைப்படுத்தலைப் பற்றிக் கேட்டார்கள். மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். பிறகு பேராசிரியர் சிரித்த முகத்துடன், "பொறுப்பேற்ற முதல் நாள் எப்படி இருந்தது, சொல்லுங்கள்" என்றார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராததால் உண்மையாகவே அந்த நாளுக்குள் போய்விட்டேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது, தகரக் கூரை ஒழுகியது, கடல் கொந்தளிப்பென்று வள்ளங்களை எல்லாம் மேலே இழுத்து விட்டிருந்தார்கள், செய்ய வேலை இல்லாமல் பதினாலு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த மாரியின் முதல் மழை அது என்றேன்.

தமிழ் உத்தியோகத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாரியின் முதல் மழையா?"

"ஆம்."

"உங்கள் பக்கம் மாரி ஐப்பசியில் அல்லவா தொடங்கும்? இதில் தை மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள்."

சமாளிக்க வழி இருந்தது. அந்த வருடம் மழை பிந்தியது என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், ஆனால் அந்தச் சொல் வரவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. பொய் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரிந்தது.

"தை மாதம் கிளாக்காகச் சேர்ந்தேன். மனேச்சரானது ஐப்பசியில். முடிவுத் திகதிக்கு மூன்று மாதம் குறைகிறது."

சிங்கள அதிகாரி கோவையைப் புரட்டி ஒரு கடிதத்தை எடுத்தார். மடிப்புகளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டேன்.

"உங்கள் தலைவர், இரண்டு வருடத்துக்கு மேலாக நீங்கள் மனேச்சராக இருப்பது தனக்கு நேரில் தெரியும் என்று எழுதியிருக்கிறாரே" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. பிறகு கடிதத்தின் கீழ்ப்பகுதியை வாசித்தார். நேர்மையானவர், தன் சொந்த மகனைப் போன்றவர் என்று அதில் இருந்தது. மீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் உண்மையைச் சொன்ன அந்த ஒரு வசனத்தால் சம்மாட்டியாரைப் பொய்யனாக்கிவிட்டேன். அவர் எழுதியது எனக்காக. அதைக் கேட்டு வாங்கியவனும் நான். அந்தக் கதிரையில் எப்படி இருந்தேன், எப்போது எழும்பினேன் என்பது நினைவில்லை. எழும்புவதற்கு முன் பேராசிரியர் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது: பொறுப்பில் இருந்தபோது செய்த பெரிய பிழை எது? மீன் கதையைச் சொன்னேன். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? முழுவதையும் சொன்னேன், அக்காவும் பெண்களும் தீட்டிய கத்தியோடு இருந்தது உட்பட. அவர் குறித்துக்கொண்டார்.

"இது சந்தைப்படுத்தலில் நடந்த பிழையா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

கார்த்திகையில் பதில் வந்தது. இந்த வருடம் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. தகைமை பூர்த்தியானதும் அடுத்த சித்திரைக்குள் மீண்டும் அனுப்பலாம், இன்னொரு நேர்முகம் தேவையில்லை; தெரிவானால் புரட்டாதியில் புறப்படலாம். கணிதச் சோதனையில் சித்தியடைந்திருக்கிறேன்; அதைத் திரும்ப எழுதத் தேவையில்லை. ஆனால் அடுத்த முறை தலைவரின் கடிதம் மட்டும் போதாது, என்னை நியமித்த செயற்குழுக் கூட்டக் குறிப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதியும் வேண்டும். அந்தக் கடைசி வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சங்கத்தின் கூட்டக் குறிப்பிலிருந்து பிரதி கொடுப்பதென்றால் செயற்குழு கூடிச் சம்மதிக்க வேண்டும். எதற்கென்று பன்னிரண்டு பேரும் கேட்பார்கள்.

அதற்கு முதல் சம்மாட்டியாரிடம் சொல்ல வேண்டும். நேர்முகம் முடிந்து வந்து ஒரு மாதமாக, "நல்லாத்தான் நடந்தது" என்று சொல்லி ஒளித்துக்கொண்டு திரிந்தேன். மனைவிக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

"நீங்களாப் போய்ச் சொல்லுங்கோ" என்றா. "வேற ஆரும் சொல்லி அவர் கேள்விப்படக் கூடாது."

மழையில் நனைந்துகொண்டு போனேன். அவர் விறாந்தையில் இருந்தார். கடிதத்தை நீட்டினேன். ஆறுதலாக, வரி வரியாக வாசித்தார். பிறகு மடித்துத் திருப்பித் தந்தார்.

"அப்ப நான் எழுதினது பொய்யெண்டு நீயே சொன்னனியோ?"

"ஓம்."

"என்னை ஒருக்காக் கூட யோசிக்கேல்லையோ?"

"சொல்லி முடிஞ்ச பிறகுதான் யோசிச்சனான்."

அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன், கதிரையில் இரு என்று அவர் சொல்லவில்லை.

"முதல்ல, மீன் பழுதாப் போனதையும் எழுதத்தான் இருந்தனான்," என்றார் கடைசியில். "ரண்டு கிழமையா யோசிச்சனான். பிறகு விட்டிட்டன். ஒரு பொய் எழுதின பிறகு, மற்றதை மறைக்கிறது பெரிசாத் தெரியேல்லை. நீ போ தம்பி. கூட்டத்தில பாப்பம்."

அந்தக் கூட்டத்துக்கு இடையில் இரண்டு கிழமை. வேலையை விட்டுவிடுவோமா என்று கூட நினைத்தேன். பிள்ளை பிறக்கிற நேரம். விட்டுப் போய் என்ன செய்வது?

செயற்குழு சங்கத்துக் கட்டடத்தில், தராசுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு நீள வாங்குகள் போட்டுக் கூடியது. எல்லாரும் கடல் தொழிலாளிகள். நான் எழும்பி ஏதோ சொல்லத் தொடங்கினேன். சம்மாட்டியார் கையைக் காட்டி இருத்தினார்.

"இவருக்கு ஒரு கடிதம் குடுத்தனான். அதில மூண்டு மாசத்தைக் கூட்டி எழுதிப்போட்டன். பிழை என்ர. இப்ப அவங்கள் கூட்டக் குறிப்பைக் கேக்கிறாங்கள். என்ர எழுத்தை நம்பேல்லை. அவங்களிலயும் பிழையில்லை. பிரதி குடுப்பமோ?"

பிறகு ஒரு வயதான உறுப்பினர், ஆனியில் பாரை பிடித்த வலைக்காரர்களில் ஒருவர், கேட்டார்: "இவர் போய்ப் படிச்சிட்டு வந்தா, மீனை எப்ப வெட்டுறதெண்டு தெரியுமோ?"

ஒருவர் இருவர் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பதில் வேண்டும்.

"தெரியாது அண்ணை," என்றேன். "தெரிஞ்ச ஆக்களைக் கேக்கோணும் எண்டு இப்ப தெரியும்."

அவர் சம்மாட்டியார் பக்கம் திரும்பினார். "சரி, குடுங்கோ" என்றார். மற்றவர்களும் கையை உயர்த்தினார்கள். கூட்டக் குறிப்பைப் பிரதி எடுத்தபோது, அதிலே என் நியமனத் திகதிக்குக் கீழே, "இவர் வயதில் சிறியவர் என்றாலும் பொறுப்பானவர்" என்று சம்மாட்டியார் சொன்னதாக ஒரு வரி இருந்தது. அவர் அப்படிச் சொன்னது எனக்கு அதுவரை தெரியாது. அதைப் பார்த்து எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

சம்மாட்டியார் அதற்குப் பிறகு என்னோடு வேலைக் கதை மட்டும் கதைத்தார். மார்கழியில் எங்களுக்கு மகள் பிறந்தபோது அவர் மனைவி வந்து பார்த்தா; அவர் வரவில்லை. ஞானஸ்நானத்துக்குச் சொல்லப் போனேன். வந்தார். கோவிலில் கடைசி வாங்கில் இருந்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார். அது பழைய மாதிரி ஆக நெடுங்காலம் எடுத்தது. முழுதாக ஆயிற்று என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த பங்குனியில், மீன்பாடு தொடங்கியதும், வேலையில் ஒரு மாற்றம் செய்தேன். லொறி ஒன்பதரைக்கு வராவிட்டால் எவ்வளவு மீனை உப்புக்கு எடுப்பது என்பதை அக்காவே முடிவு செய்யட்டும் என்று விட்டேன். என்னைக் கேட்கத் தேவையில்லை. முதல் தடவை அவா முடிவு செய்து, லொறி பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. கொழும்புக்குப் போயிருக்க வேண்டிய நல்ல மீன் உப்புக்குள் கிடந்தது. அவா வந்து வாசலில் நின்றா.

"பிழைச்சுப் போச்சு தம்பி."

"பரவாயில்லை அக்கா. நாளைக்கும் நீங்கள்தான் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்க உப்புப் போடும் பக்கம் போகாமல் இருக்கப் பெரும் பாடுபட்டேன். பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது, தானே வைத்திருப்பதைவிடக் கஷ்டம் என்று அன்றுதான் கண்டேன். சித்திரையில் இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது சிறப்புத் துறை ஆளணி என்று எழுதினேன். கட்டுரை ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. திகதிப் பெட்டியில் ஐப்பசி. சம்மாட்டியார் கடிதமும் கொடுத்தார், கேட்ட மறுநாளே. அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள்; அந்தப் புரட்டாதியில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டேன். மகளுக்கு ஒன்பது மாதம். புலமைப்பரிசில் எனக்கு மட்டும்தான். மனைவி அப்புவோடு முல்லைத்தீவில் இருந்து படிப்பித்துக்கொண்டு பிள்ளையை வளர்த்தா. வவுனியா ஸ்ரேசனுக்கு எல்லாரும் வந்தார்கள். அப்பு என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "கவனமா இரு" என்றார். அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்த முதல் கிழமை, எங்களை ஒரு மண்டபத்தில் இருத்திப் படிப்பை விளங்கப்படுத்தினார்கள். முதல் வருடம் எல்லாருக்கும் எல்லாப் பாடமும் கட்டாயம்: நிதி, உற்பத்தி, சந்தைப்படுத்தல், ஆளணி, அதற்கு மேல் புள்ளிவிபரவியல். சிறப்புத் துறையை இரண்டாம் வருடம் தெரிவு செய்தால் போதும். விண்ணப்பத்தில் எழுதியது ஆர்வத்தை அறிவதற்கு மட்டும், அது ஒருவரையும் கட்டுப்படுத்தாது. பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். நான் கைநூலைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் அது சின்ன எழுத்தில் இருந்தது. ஒன்றரை வருடம் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தும் தகைமைப் பக்கத்தைத் தாண்டி நான் ஒழுங்காக வாசிக்கவேயில்லை.

புள்ளிவிபரவியலில் முதல் தவணை தோற்றேன். ஒரு பாடத்தில் இரண்டு தரம் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று விதி. பனி கொட்டுகிற அந்த மாதங்களில், பன்னிரண்டு பேர் கை உயர்த்தி அனுப்பியவன் பெட்டியோடு வவுனியாவில் இறங்குவதை எத்தனையோ தரம் மனதில் கண்டேன். மனைவிக்கு எழுதினேன். அவா பதில் எழுதினா: "பயமெண்டா வகுப்பில கேளுங்கோ. விளங்கேல்லை எண்டு சொல்ல இப்ப உங்களுக்குத் தெரியும்தானே." அடியில், மகள் சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்று இருந்தது. இரண்டாம் முறை சித்தியடைந்தேன், நிறையப் புள்ளி இல்லை.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் துறையைத் தெரிவு செய்யும் படிவம் வந்தது. ஒரு பக்கம், நாலு பெட்டி. மறுநாள் பின்னேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆளணிப் பெட்டியில் அடையாளம் போட்டு, அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய பெண் அதைப் பார்க்காமலே ஒரு கட்டுக்கு மேல் வைத்தா. நான் வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன், பிழையாகப் போட்டுவிட்டேனோ என்ற யோசனையோடு.